பழுக்காத காய்

சின்ன வயதில் தரையில் கட்டம் போட்டு விளையாடினால் உன் அம்மாதான் ஜெயிப்பாள். வீடு சேர்ந்த காயை எடுத்து, "பழம்" என்று என் மூக்குக்கு நேரே காட்டுவாள். தங்கையிடம் தோற்பதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை.

பிற்பாடு எனக்கு மருத்துவமனையின் பயிற்சிப் பிரிவில் வேலை. ஒரே நோயில் வசதி உள்ளவர் பிழைக்கிறார், இல்லாதவர் சாகிறார். ஏன் என்று டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் உறைக்கும்படி ஒரு விளையாட்டு செய்யச் சொன்னார்கள். நீலக் காய் காரில் வரும். பச்சைக் காய் இரண்டு பஸ் மாறி வரும். காய் நிற்கும் கட்டத்தில் எடுத்துப் படிக்க நான் எழுதிய சீட்டுகளைப் படித்துக் கொட்டாவி விட்டார்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

அப்போதுதான் உன் அம்மா மார்பில் கட்டி என்று போன் செய்தாள். எங்கள் மருத்துவமனைக்கே வந்தாள்; முதல் நாள் டோக்கன் தீர்ந்துவிட்டது. அடுத்த முறை தப்பான கட்டடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு தையல் கம்பெனியில் லீவு தரவில்லை. அவள் அழுதுகொண்டே சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன். வகுப்பில் கொட்டாவி நின்றது.

நான்காவது மாதம்தான் வாய்விட்டுக் கேட்டாள். "உங்க பெரிய டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுக்கா."

அவரும் நானும் தினமும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்கள். ஆள் பிடித்து உள்ளே போவது தப்பு என்று ஊருக்கெல்லாம் சொல்லித்தருகிறவள் நானே அதைச் செய்யலாமா என்றேன். "சரிக்கா, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். நான் எழுத இன்னும் ஆறு சீட்டு பாக்கி இருந்தது.

வரிசைப்படி அவளை உள்ளே கூப்பிட்டபோது நோய் கல்லீரல் வரை பரவியிருந்தது. அவளை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அந்தப் பாசம் பொய்யில்லை.

நேற்று புது நர்ஸுகளின் வகுப்பில் பச்சைக் காய் உனக்கு விழுந்தது. சீட்டை எடுத்துச் சத்தமாகப் படித்தாய். 'செருப்பு அறுந்துபோச்சு. ஊக்கு குத்திக்கிட்டு நடந்தேன். போறதுக்குள்ள கவுன்டரை மூடிட்டாங்க.' பாதியில் நிறுத்தி, "இது அம்மா பேசற மாதிரியே இருக்கே, பெரியம்மா" என்றாய்.

அவள்தான். பதினெட்டு சீட்டும் அவள்தான். என் ஒரு வார்த்தையில் எல்லாம் நின்றிருக்கும், நான் சொல்லவில்லை. பச்சைக் காய் பழுக்கக் கூடாது என்பது நான் வைத்த விதி.

ஆனாலும் ஒன்று, கண்ணு. நீ படித்ததும் அந்த அறையில் அழாதவர் யாருமில்லை. சீட்டு நன்றாகத்தான் வந்திருக்கிறது, இல்லையா?