பள்ளத்துப் பக்கச் சுவரும் பரசுராமன் காலும்

என் பெயர் கலைமதி. வயது 24. தகப்பனார் பெயர் கோதண்டம். சேரப்பணஞ்சேரி ஏரிக்கரைத் தெருவில் அவருடன் வசிக்கிறேன். பி.ஏ. படித்துள்ளேன். கம்பெனிக்குக் கையுறை தைத்துக் கொடுத்து வருகிறேன். பக்கத்து வீட்டுப் பரசுராமன் எங்களுக்கு உறவினர் இல்லை. சிறு வயது முதல் அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் காலை என் தகப்பனார் உடைத்தாரா என்று விசாரிக்கப்பட்டதால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் மனை, வீட்டிலிருந்து மாமாவின் மாட்டுக் கொட்டகை வரை சரிவாக இறங்குகிறது. இந்த 1991ஆம் வருடம் ஆயுத பூஜை கழிந்து, என் தையல் மிஷின்களுக்காக அங்கே ஷெட் போடத் தகப்பனார் கடைக்கால் எடுத்தார். நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்தார்கள். மேட்டு மூலையில் ஒரு முனையைத் தகப்பனாரும், பள்ளத்தில் மறுமுனையை மாமாவும் பிடித்தார்கள். மாமா கை ஓயாமல் ஆடியதால் தண்ணீர் நிற்கவில்லை. "ஆடாம நில்லுடா, இல்லனா காலை ஒடச்சிடுவேன்" என்று தகப்பனார் கத்தினார். "ஒடைடா. ஒடச்சா நீதான் தூக்கினு போவணும்" என்று மாமா சொன்னார். தெருவில் பலர் கேட்டதாகச் சொல்லும் மிரட்டல் இதுதான். நானும் கேட்டேன். அன்று பகல் இருவரும் எங்கள் வீட்டில் ஒன்றாகச் சாப்பிட்டார்கள்.

அதன் பிறகு கருங்கல் சுவர் எழுப்பியதில், மேட்டுப் பக்கம் முழங்கால் அளவும் பள்ளத்துப் பக்கம் என் நெஞ்சளவும் உயரம் வந்தது. உள்ளே நிரப்பும் மண்ணில் இறங்கும் தண்ணீர் வெளியேறப் பள்ளத்துச் சுவரின் அடியில் ஓட்டை விட வேண்டும் என்று கொத்தனார் மண்ணாங்கட்டி சொன்னார். "உன் வூட்டுத் தண்ணி என் மாட்டுக் கொட்டாய்ல வந்து நிக்கணுமா?" என்று மாமா சண்டைக்கு வந்தார். தகப்பனாரும் பதிலுக்குக் கத்தினார். ஆனால் மாமா போன பின், அவன் மாடு சேற்றில் நிற்கக் கூடாது என்று கொத்தனாரிடம் சொல்லி, ஓட்டை இல்லாமலே கட்டச் சொன்னார். அதன் பிறகு மண் கொட்டித் தண்ணீர் விட்டு, மண் இறுகுவதற்காகத் திம்ஸு கட்டையால் இடித்தார்கள். மாமாவும், யாரும் கூப்பிடாமல், தினமும் சாயங்காலம் வந்து இடித்தார். தகப்பனார் இடிப்பது மாவு இடிப்பது போல் இருப்பதாகவும் குறை சொன்னார்.

நேற்று பகல் பெய்த மழையில் உள்ளே இருந்த மண் ஊறி, பள்ளத்துச் சுவர் வெளிப்பக்கமாக உப்பி, விரல் நுழையும் அளவு வெடித்தது. தகப்பனார் மேலே நின்று தண்ணீரை இறைத்தார். அப்போது மாமா தன் மாட்டை அவிழ்த்து மழையில் நடத்திக்கொண்டு வந்து எங்கள் வாசல் தூணில் கட்டினார். எங்கள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு, தன் கொட்டகைப் பக்கம் போய், சுவரின் அடிக்கல்லை நெம்பினார். "வேணாம்டா, வெளிய வா" என்று தகப்பனார் மேலிருந்து கத்தினார். "வாயை மூடு. பொண்ணு உக்காந்து தைக்கற எடம்" என்று மாமா சொன்னதை நான் கேட்டேன். அடிக்கல் வந்ததும் செந்தண்ணீர் பீறிட்டு அவர் கொட்டகைக்குள் பாய்ந்தது. சுவர் நின்றது. மேல்வரிசைக் கல் ஒன்று மட்டும் சரிந்து விழுந்து, அவர் காலை முழங்காலுக்குக் கீழே உடைத்தது.

அதன் பிறகு தகப்பனார் குதித்து இறங்கி, அவரை முதுகில் சுமந்து மெயின் ரோடு வரை போய் ஒரு வேனை நிறுத்தினார். நான் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். குடை இருவருக்கும் போதவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டதற்கு, மாமா தகப்பனாரைக் காட்டி, "இவன்தான் சார். ஒடைக்கறேன்னு முன்னாடியே சொல்லிட்டு ஒடச்சான்" என்றார். தகப்பனார் சிரித்தார். நானும் சிரித்தேன். டாக்டர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். இன்று விடியற்காலையில் போலீஸார் வந்து தகப்பனாரை அழைத்துச் சென்றார்கள்.

மாமாவின் மாடு இன்னும் எங்கள் தூணில்தான் கட்டியிருக்கிறது. அது மாமாவைத் தவிர என் தகப்பனாரை மட்டுமே மடியில் கை வைக்க விடும். ஒருவர் மாவுக்கட்டுடன் ஆஸ்பத்திரியிலும், மற்றவர் இந்த ஸ்டேஷனிலும் இருப்பதால், காலையிலிருந்து கறக்காமல் மடி கட்டிக் கத்திக்கொண்டிருக்கிறது. சாயங்காலத்துக்குள் என் தகப்பனாரை அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னபடியே இது எழுதப்பட்டுள்ளது. நானே ஒரு முறை படித்துப் பார்த்தேன். இதில் உள்ளது உண்மை.

(ஒப்பம்) கோ. கலைமதி