மறுபடி கேட்கும் வரி

போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து ஐந்து மணி நேரம் இருபது நிமிடம் ஆகிறது. இரண்டு முறை டீ கொடுத்தீர்கள். இஞ்சி போட்ட டீ எனக்குப் பிடிக்கும். காலையில் நான் சொன்னதை அழித்துவிடுங்கள், மேடம். முதலிலிருந்து சொல்கிறேன். பழைய பட்டியலை வைத்துக்கொண்டே மறுபடி கேட்டால் ஒரே ஆள் இரண்டு பேராகத் தெரிவார். என் வேலையில் நான் முதலில் கற்றுக்கொண்டது அது.

நான் பி.எஸ்சி. இயற்பியல். வல்லத்திலிருந்து தினமும் பஸ்ஸில் செஞ்சிக்கு வருகிறேன். திண்டிவனம் ரோட்டில் ஒரு மாடியில் எங்கள் கம்பெனி. ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு பெட்டி செய்கிறோம். நோயாளியின் நாடியையும் ஆக்சிஜனையும் பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் மணி அடிக்கும். அனந்தபுரத்துத் தாத்தா கோதண்டராமன் இறந்த அன்று அடிக்காமல் இருந்தது அந்த மணிதான்.

கரண்ட் வந்ததும் பெட்டியை எழுப்பிவிடும் சின்ன ப்ரோகிராம் ஒன்று உண்டு. பூட்லோடர் என்பார்கள். நான் எழுதியது. அது முதலில் உள்ளே டிஸ்க்கைக் கவனிக்கும் கன்ட்ரோலரிடம் போய், உன்னிடம் எந்த டிஸ்க் இருக்கிறது என்று கேட்கும். பெட்டியை ஓட்டும் மற்றதெல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருக்கும். பழைய டிஸ்க் சுழன்று நிலைக்கு வர ஏழு எட்டு விநாடி ஆகும். அதற்குள் கேட்டால் பதில் வராது. பதில் வராததாலேயே டிஸ்க் இல்லை என்று நான் நம்புவதில்லை. பட்டியலை அழித்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடி கேட்கும்படி எழுதியிருந்தேன். பத்து முறை வரை. பள்ளிக்கூடத்தில் நான் சொல்லும் "உள்ளேன் ஐயா" முன் பெஞ்சுக்கே கேட்காது. பல நாள் வந்தும் வராதவளாக இருந்திருக்கிறேன்.

இளவழகன் சார் எங்கள் டீம் லீடர். பக்கத்து அறையில் உட்கார வைத்திருக்கிறீர்களே, அவர்தான். பெட்டி எழுவதற்கு நேரமாகிறது என்று எல்லார் முன்னாலும் ஆரம்பித்தார்.

"இன்னா ரஞ்சனி, ப்ரோகிராமும் உன்ன மாதிரியே கூச்சப்படுது. பத்து தடவ கூப்டாத்தான் வருமா?"

"சார், டிஸ்க் லேட்டா..."

"இன்னாது? வாய்க்குள்ளயே பேசிக்கினா எப்டிம்மா? மைக்கு வாங்கித் தரட்டா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுபடி கேட்கும் வரிகளை அன்றே அவர் எடுத்துவிட்டார். ஆபீஸ் பெட்டியில் புது டிஸ்க். நான்கு விநாடியில் எழுந்தது, கை தட்டினார்கள். அந்த மாற்றத்தின் கீழே அவர் பெயர் இருக்கிறது. நீங்கள் அவரைச் சந்தேகப்பட்டதில் தவறில்லை.

புதிய ப்ரோகிராமை ஆஸ்பத்திரிகளில் ஏற்றச் சொன்னதும் அவர்தான். எந்த ஆஸ்பத்திரியில் முதலில் என்று சொல்லவில்லை. வியாழக்கிழமை டவுனில் மாதாந்திர மின்நிறுத்தம் என்று பேப்பரில் வந்திருந்தது. புதன்கிழமை நான் கோதண்டராமன் இறந்த அந்த நர்சிங் ஹோமுக்குப் போய் ஏற்றினேன். அங்கே மட்டும்தான் இன்னும் பழைய டிஸ்க்.

பெட்டி நிற்கும். இளவழகன் சாரை எங்கள் முதலாளி கூப்பிடுவார். அவர் எல்லார் முன்னாலும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான். ஒரு மணி நேரம் நின்றால் போதும்.

வியாழன் ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுப்பதற்குள் பெட்டி அணைந்து, மறுபடி எழுந்தது. ஒரே ஒரு முறை கேட்டது. "டிஸ்க் இல்லை" என்ற வரியோடு நின்றுவிட்டது. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் நம்பர் என்னுடையது.

நர்ஸ் சுமலதா ஒன்பது பன்னிரண்டுக்குக் கூப்பிட்டாள். நாற்பத்தொரு விநாடி என்று உங்கள் கையில் இருக்கும் தாளில் இருக்கிறது. கோட்டை மலையடியில் பஸ்ஸில் இருந்தேன், டவர் இல்லை, ஒன்றும் கேட்கவில்லை என்று காலையில் சொன்னேன். நீங்கள் நம்பவில்லை. மறுபடி கேட்டீர்கள். அப்படித்தான் செய்ய வேண்டும்.

பெட்டியின் பின்னால் ஒரு பொத்தான் உண்டு. ஒருமுறை அழுத்தினால் போதும். டிஸ்க் அதற்குள் சுழன்றுகொண்டிருக்கும், கேட்டதும் பதில் சொல்லிவிடும். இதைப் போனில் சொல்ல மூன்று விநாடி ஆகும்.

"அக்கா, பொட்டி எழுந்துக்கல. அனந்தபுரத்து தாத்தாவுக்கு மூச்சு வாங்குது, ஆக்சிஜன் எவ்ளோ இருக்குதுன்னே தெரில. டாக்டர் இன்னும் வரல, நான் ஒருத்திதான் இருக்கேன். அக்கா, லைன்ல இருக்கீங்களா?"

நான் கூச்ச சுபாவம் உள்ளவள், மேடம். திடீரென்று யாராவது கேட்டால் பேச்சு வராது. என்னோடு படித்தவர்கள் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள்.

"அக்கா? இருக்கீங்களா? அக்கா, இருக்கீங்களா?"

நான் பஸ்ஸில் இல்லை. ஆபீசில் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எதிரே இளவழகன் சார் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் போன் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். டவர் முழுதாக இருந்தது.

சுமலதா மூன்று முறை கேட்டாள். மூன்றும் எனக்குக் கேட்டது. நான் இருந்தேன்.