புதன்கிழமை அரிசி

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் சிங்கராசா அவர்களே, ஆசியுரை தந்து அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, வலையோடும் அலையோடும் வாழ்ந்து முதிர்ந்த பெரியவர்களே, பிடித்த மீனையும் குடித்த கணவனையும் ஒரே கையால் கரையேற்றிய தாய்மாரே! கடைசி வரிசைக் கதிரைகளில் கால் நீட்டி, கண் சிவந்து, "இவனெல்லாம் பேச வந்திட்டான்" என்று முணுமுணுக்கும் என் பழைய கூட்டாளிகளே! எல்லோருக்கும் அமிர்தநாயகத்தின் வணக்கம்.

"மதுவை ஒழிப்போம்" என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். தந்தது யார்? சங்கம். எந்தச் சங்கம்? போன மாதம் கிரிக்கெட் கிண்ணம் வென்ற களிப்பில், சங்க மண்டபத்துக்குள் பியர்ப் பெட்டிகளைத் தோளில் சுமந்து வந்து இறக்கிய அதே சங்கம்! கைதட்டுங்கள். வெட்கப்படாமல் தட்டுங்கள். நமக்கு வெட்கம் வருவது வேறோர் இடத்தில். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

குடிக்க நமக்குக் காரணமா இல்லை? கடல் குளிருக்குக் குடிப்போம். கரை வெயிலுக்குக் குடிப்போம். வலையில் பாரை மீன் பட்டால் மகிழ்ச்சிக்கு. பாசி பட்டால் கவலைக்கு. ஆனால் தவக்காலம் வந்துவிட்டால்? அடடா, நாற்பது நாளும் நாமெல்லாம் முனிவர்கள்! "நாப்பது நாள் தொடேல்லை, நான் குடிகாரனே?" என்று என் மனைவி மாக்கிறட்டிடம் வருடா வருடம் கேட்டவன் நான். அவள் ஒரே ஒரு தடவை பதில் சொன்னாள். "ஓம், நாப்பது நாளும் உயிர்ப்பு ஞாயிறு எப்ப வருமெண்டுதானே பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்! விட்டதையெல்லாம் ஒரே கிழமையில் பிடித்தேன். அடுத்த ஞாயிறு என் மகள் ஜெனுஷாவுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைச் சட்டை, வெள்ளை முக்காடு, கையில் மெழுகுதிரி. தகப்பன் எங்கே நின்றான்? நின்றானா? கோயில் வாசற்படியில், நெற்றி உடைந்து, மல்லாந்து கிடந்தான்! கூட வந்த பிள்ளை கேட்டது: "ஆரடி இது?" என் மகள் சொன்னாள்: "எனக்குத் தெரியாது." சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. பின்வரிசையில் சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் கிடந்த படியும் எனக்குத் தெரியும்.

நெற்றிக்கு மருந்து கட்டிய ஆசுபத்திரி மிஸ்ஸி ஒரு துண்டுக் கடதாசி தந்தார். முருங்கனில் புதன் பின்னேரம் ஒரு கூட்டமாம். குடியை விட்டவர்களும் விட முடியாதவர்களும் வட்டமாக இருந்து மனம்விட்டுப் பேசுவார்களாம். போனேன். எப்படிப் போனேன்? நம் உப்புக்குளத் தெருவில் புரண்டபோது எவன் பார்த்தாலும் கவலைப்படாத நான், பஸ் ஏறும்போது தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டேன்! விழுந்து கிடக்க வெட்கமில்லை, எழுந்து நிற்க வெட்கம்! தூ! "எங்கை போறியள்?" என்றாள் மாக்கிறட். "முருங்கனுக்கு. அரிசி வாங்க" என்றேன்.

கதவைத் திறந்தால், எதிர்க் கதிரையில் நம் ஊர்க்காரர் ஒருவர்! பெயரா? கழுத்தை அறுத்தாலும் சொல்லேன். அந்த அறையில் கண்டவரை வெளியில் காட்டிக்கொடுப்பதில்லை. அது எங்கள் சத்தியம். அவர் காலடியில் ஓர் உரப்பை. உள்ளே அரிசி! "நீங்களுமோ?" என்றேன். "ஓம் தம்பி, வீட்டிலை வேறை என்னத்தைச் சொல்லுறது?" என்றார். கிழமைக்குக் கிழமை இருவரும் அரிசி சுமந்தோம். "வீட்டிலை கலியாணமே வைக்கப்போறியள்?" என்று மாக்கிறட் சீறிய அன்றுதான் உண்மையைச் சொன்னேன். அழுதாள். பிறகு அதே அரிசியில் சர்க்கரைப் புக்கை பொங்கினாள். ஐந்து வருடமாகிறது. நாற்பது நாள் அல்ல, ஐந்து வருடம்!

இந்த வருடம் சங்கத்திடம் கேட்டேன்: புதன் பின்னேரம் இரண்டு மணித்தியாலம் மண்டபத்தைத் தாருங்கள் என்று. பதில் என்ன? "குடிகாரரின்ரை கூட்டம் நடந்தா ஊரின்ரை பேர் கெட்டுப்போகும்." அடேயப்பா, பேர்! பியர்ப் பெட்டி போன வாசலால், குடியை விட்டவன் போகக்கூடாதா? அந்தப் பதிலைக் கேட்டு வீட்டோடு இருந்துவிட்டான் ஓர் இளம் தகப்பன். "அண்ணை, இஞ்சை நடந்தா வருவன். முருங்கன் பஸ்ஸிலை ஆரும் கண்டா என்ரை பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலை நக்கலடிப்பாங்கள்" என்றான். அவன் மகளுக்கும் வருகிற உயிர்ப்புக்குப் பிறகு புதுநன்மை. அந்தப் பிள்ளையும் தன் தகப்பனைத் தாண்டிப்போக வேண்டுமா? "தெரியாது" என்று சொல்ல வேண்டுமா? சொல்லுங்கள்!

தலைவர் எழும்புகிறார். இருங்கள் ஐயா, இன்னும் ஐந்து நிமிடம். நிறுத்தச் சொல்லவில்லையா? மைக் வேண்டுமா? இந்தாருங்கள்.

பின்வரிசைக்குக் கேட்டதா? மைக்கைத் தள்ளிப் பிடித்துத் தலைவர் சொன்னதை அவர் அனுமதியோடு திருப்பிச் சொல்கிறேன். "உரப்பையோடை இருந்த ஆள் நான்தான். மண்டபம் தரேலாதெண்டு கையெழுத்து வைச்சதும் நான்தான்." இப்போது மேசையில் என்ன வைக்கிறார்? மண்டபப் பூட்டின் திறப்பு!

தலைவரே, உங்களைத் திட்டுவதற்கு இன்னும் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கிறேன்.

பொறுமையோடு ஏச்சு வாங்கிய உங்களுக்கும், சற்று முன் இந்த ஒலிவாங்கியில் "அடுத்ததாக எங்கட அப்பா பேசுவார்" என்று என்னை அழைத்த அறிவிப்பாளர் ஜெனுஷாவுக்கும் என் நன்றி. புதன் பின்னேரம் ஐந்து மணி, சங்க மண்டபம். தொப்பி போடாமல் முன்வாசலால் வாருங்கள். அரிசி வாங்கத் தேவையில்லை. வணக்கம்.