ஓரக்கல்

இரவு இரண்டு மணி. வேடசந்தூர் ரோட்டில் ஈ காக்கை இல்லை. சுண்ணாம்புச் சூளையைத் தாண்டி ஒரே ஒரு குடிசை... சுற்றிலும் சோளம் அறுத்த தாள். அங்கேதான் நடந்தது.

சிரிக்காதே பாரூக். மில் பஸ் வர இன்னும் நேரம் இருக்கிறது. கேட்டுவிட்டு அப்புறம் சிரி. இது என் கூட்டாளி சோலைமுத்துவின் அக்கா புருஷனுக்கு நேர்ந்தது. பெயர் நல்லுசாமி. சூளையில் கல் அடுக்குகிற வேலை. வருஷம் அறுபத்து மூன்று, பங்குனி.

தோல் பதனிடுகிற தோல்ஷாப்புகளுக்குச் சுண்ணாம்பு எதிலிருந்து வந்தது தெரியுமா? கடலுக்கு அடியில் கிடக்கிற கல்லிலிருந்து. தூத்துக்குடிப் பக்கம் ஆட்கள் முங்கி, கடப்பாரையால் முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையைப் பெயர்த்து எடுப்பார்கள். அது ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் இங்கே வரும். நல்லுசாமி கடலைக் கண்ணால் கண்டவரில்லை.

சூளையில் ஒரு வழக்கம். ஒவ்வொரு கல்லையும் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். ‘டங்’ என்றால் சூளைக்கு. ‘பொத்’ என்றால் உள்ளே பொள்ளல். தண்ணீர் தங்கியிருக்கும், தீயில் வெடிக்கும். உடைத்துவிட்டுத்தான் அடுக்குவார்கள். அன்றைக்கு ஒரு கல் பொத்தென்றது. பலகை போல நீளம். மேல்பக்கம் அலை தேய்த்த வழவழப்பு, கீழ்ப்பக்கம் தேனடை மாதிரி ஓட்டை ஓட்டையாக. உடைக்க மனசு வரவில்லை மனிதருக்கு. மனைவி முத்துப்பேச்சிக்கு எட்டு மாதம். குடிசை வாசல் ஒரே மேடு பள்ளம். சறுக்கி விழுந்துவிடுவாளோ என்று அவருக்குப் பயம். அந்தக் கல்லைத் தூக்கிப் போய் வாசற்படியாகப் போட்டுவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் தண்ணீர் குடிக்க வந்த லாரி டிரைவர் ரஹ்மத்துல்லா, படியைப் பார்த்ததும் செம்பைக் கீழே வைத்தார்.

“அப்பு, இது ஓரக்கல்லுல்ல? இதையா வாசல்ல போட்ட?”

“ஏன் பாய், இதுக்கென்ன?”

“கரையிலேருந்து உள்ள போனா ரொம்ப தூரம் இடுப்பளவு தண்ணிதான். அடியில மணலு, பாசி. அப்புறம் பார்னு ஒண்ணு வரும், கல்லாவே வளந்த மேடு. அதுக்கு இந்தப் பக்கம் கொளம் மாதிரி கிடக்கும். அந்தப் பக்கம் ஒரு எட்டு வச்சா கசம்... அடியே கிடையாது. கயித்துல குண்டைக் கட்டி எறக்கி, அது தரை தட்டினாத்தான் முங்குறவன் எறங்குவான். அந்த ஓரத்துக் கல்லை யாரும் பேக்க மாட்டாக. எவனோ தெரியாத பய பேத்துட்டான். பேசாம ஒடச்சுச் சூளையில போட்டுரு.”

“நாளைக்கி எடுத்துர்றேன் பாய்.”

நாளைக்கு... அந்த ஒரு சொல்தான் அவரைக் கெடுத்தது.

அன்றிரவு முதலில் வந்தது நாற்றம். ஈரப் பாசி, உப்பு, மீன் கவிச்சி. தோல்ஷாப்புக் காற்று என்று நினைத்துப் புரண்டு படுத்தார். அப்புறம் சத்தம். ளப்... ளப்... ளப்... தொட்டித் தண்ணீரை மாடு நக்குவது போல. வாசலுக்கு வெளியே.

அந்த வருஷம் கிணறுகளே வறண்டு கிடந்தன. நகர்ந்து போய்க் கதவிடுக்கில் கையை விட்டுப் படியைத் தொட்டார். ஈரம். விரலை நாக்கில் வைத்தார். உப்பு.

அதற்குள் பேச்சி எழுந்து கதவைத் திறந்துவிட்டாள்.

“இந்தா, செத்த ஒதுங்கிட்டு வாரேன்.”

“நில்லு புள்ள! வெளக்கப் பொருத்துறேன்.”

“அடக்க முடியலங்க...”

தீக்குச்சி நமத்துப் போயிருந்தது. முதல் குச்சி பிடிக்கவில்லை. இரண்டாவதும். அவள் கொலுசு படிமேல் ஒருமுறை ‘ஜல்’ என்றது. அடுத்த காலடி... கேட்கவில்லை. காய்ந்த தாள் நொறுங்க வேண்டுமே? இல்லை. அலறலும் இல்லை.

மூன்றாவது குச்சி பற்றியது. வெளியே வெறும் தாளும் கட்டாந்தரையும்தான், காய்ந்து கிடந்தன. ஆள் இல்லை. படிமேல் மட்டும் ஈரத்தில் ஒற்றைக் கால் தடம்... வெளிப்பக்கம் பார்த்து.

பெயரைச் சொல்லிக் கத்தினார். ஆனால் படியைத் தாண்டிக் கால் வைக்க அவரால் முடியவில்லை. அதைச் சொல்லித்தான் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறார்.

விடிந்ததும் வறண்ட கிணறு கிணறாக இறங்கிப் பார்த்தார்கள். கன்னிவாடி மலையடிவாரம் வரை தேடினார்கள். ஒற்றைக் கொலுசுகூடக் கிடைக்கவில்லை. சோலைமுத்து ஆத்திரத்தில் அந்தக் கல்லைக் கடப்பாரையால் பிளந்தான். பொள்ளலுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, எலும்பு போலக் காய்ந்து கிடந்தது.

இப்போது நல்லுசாமி நாகல் நகரில் சோலைமுத்து வீட்டில்தான் இருக்கிறார். மடியில் எப்போதும் கூழாங்கற்கள். எந்த வாசலையும் சும்மா தாண்டமாட்டார். இருட்டில் ஒரு கல்லை வெளியே போடுவார். ‘தொக்’ என்று தரை தட்டிய பிறகுதான் காலை எடுத்து வைப்பார். “ஆழம் தெரியாமக் காலை விடக்கூடாதுல்லண்ணே” என்று நான்கூடக் கேலி செய்திருக்கிறேன். பாவி நான்.

போன வெள்ளிக்கிழமை நானும் அங்கே இருந்தேன். சாப்பிட்டு முடித்து, கிளம்பலாம் என்று எழுந்தேன். அவர் எனக்கு முன்னால் வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்தார். மடியிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் போட்டார்.

காத்திருந்தோம்... சோலைமுத்து வெற்றிலை மெல்வதை நிறுத்தினான். நல்லுசாமி மெதுவாகக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். விடியும் வரை நாங்கள் மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அந்தக் கல் தரை தட்டவே இல்லை.