ஜெயக்கொடி மார்க்

தாம்பரத்தில் நல்ல பிரஷ் கிடைக்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வர்ணம் அடிக்கிற பிரஷ்தான் கிடைக்கும். இரண்டு கோடு இழுத்தால் மயிர் கொட்டிவிடும். நல்லதாக வேண்டுமென்றால் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி மவுண்ட் ரோடுக்குத்தான் போக வேண்டும். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். உங்கள் மேஜைமேல் இருக்கிற லேபிளில் குழந்தையின் புருவத்தைப் பாருங்கள். அப்படி ஒரு புருவம் எழுத, பிரஷ்ஷில் நாலைந்து மயிரை விட்டுவிட்டு மற்றதை வெட்டி எறிய வேண்டும். மட்டமான வேலை செய்கிறவன் அவ்வளவு மெனக்கெட மாட்டான்.

என் பெயர் ஜீவரத்தினம். மேற்குத் தாம்பரத்தில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் ‘ஜீவா ஆர்ட்ஸ்’ என்று போர்டு மாட்டியிருக்கிறேன். விளம்பரக் கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு வரைந்துகொண்டிருந்தவன், அறுபத்து நாலில் அதை விட்டுவிட்டுத் தனியாக ஆரம்பித்தேன். லெட்டர்ஹெட், கல்யாணப் பத்திரிகை, சோடா பாட்டில் லேபிள், எது வந்தாலும் செய்வேன். ரயில் போகும்போது மேஜை அதிரும். அப்போது பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பேன், போனதும் விட்ட இடத்தில் தொடருவேன். ரயில் ஒரு தொந்தரவே இல்லை. வாடிக்கையாளர்கள்தான் தொந்தரவு.

சுவிசேஷமுத்து என்று ஒரு தலைமையாசிரியர். பரிசுச் சான்றிதழில் நான் வரைந்த ஆட்டுக்குட்டி இளைத்திருக்கிறது என்றார். கொழுக்க வைத்தேன். மறுநாள் வந்து, பன்றி மாதிரி இருக்கிறது என்றார். கல்யாணப் பத்திரிகைக்காரர்களுக்குக் காலி இடத்தைக் கண்டால் பொறுக்காது. அங்கே ஒரு கிளியைப் போடு என்பார்கள். நானும் போட்டுக் கொடுப்பேன். எம்.ஏ. படித்தவனும் சரி, ஏர் ஓட்டியவனும் சரி, ரசனை என்ற இடத்தில் எல்லோரும் ஒரே குட்டையில் கிடக்கிறார்கள். அதை முகத்தில் காட்டாமல் சிரித்துக்கொண்டிருப்பதுதான் என் தொழிலில் பாதி.

கோவிலம்பாக்கத்துச் சம்பந்தம் அந்தக் குட்டையின் அடிமண். நிலத்தில் பாதியை வீட்டுமனைக்காக விற்றுவிட்டு, மீதியில் கொட்டகை போட்டு உமிக்கரிப் பல்பொடி தயாரித்தார். அதற்கு ‘ஜெயக்கொடி மார்க்’ என்று தன் மகளின் பெயரையே வைத்தார். லேபிளில் அவள் முகம் வர வேண்டும் என்று அவளை என் மாடிக்கு அழைத்து வந்து உட்கார வைத்தார். ஏழு வயதுப் பெண். முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. பல்பொடி லேபிளில் பொக்கை வாயா? நான் வரிசைப் பல்லாகப் போட்டேன்.

படத்தைப் பார்த்துவிட்டு, “எனுக்கு எங்க பல்லு கீது?” என்று சிரித்தாள்.

உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் உள்ளங்கையில் பல்பொடியைக் கொட்டிவைத்து, விரலால் தொட்டுத் தொட்டு நக்கிக்கொண்டிருந்தாள். நாக்கு கன்னங்கரேல் என்றிருந்தது. “இனிக்குது சார், உங்களுக்கு வோணுமா?” என்று கையை நீட்டினாள். வேண்டாம் என்றேன். இதை மறைக்க விரும்பவில்லை. அவள் பல்பொடி தின்கிறவள் என்பது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

எழுபத்தொன்றில், மழைக்காலம் தொடங்கும் முன், சம்பந்தம் எலி மருந்திலும் இறங்கினார். அதுவும் கறுப்புப் பொடி. எலி தின்ன வேண்டுமே என்று அதிலும் இனிப்பு சேர்த்திருந்தார்.

“இதுலயும் நம்ம பாப்பா மொகந்தான் வர்ணும் சார். பாத்த ஒடனே நம்ம கம்பெனின்னு தெரிஞ்சிக்கணும்.”

அவர் வாயிலிருந்து வந்த ஒரே உருப்படியான யோசனை அது. பழைய பல்பொடி லேபிளையும் புதிதாக்கி, இரண்டையும் ஜோடியாக வரைந்தேன். மஞ்சள் தரை, பச்சை வட்டம், வட்டத்துக்குள் ஜெயக்கொடி. கீழே எழுத்து மட்டும் வேறு. ஒரே ஷீட்டில் அடித்து நடுவில் வெட்டிக்கொள்ளலாம், செலவும் குறையும். ஏழு வருஷத்தில் யாரும் கிளி கேட்காத, ஆடு கேட்காத ஒரு வேலை. இந்த ஊரில் நான் வீணாகப் போகவில்லை என்று அன்றைக்குத்தான் தோன்றியது. உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

அச்சான மாதிரியைப் பார்க்கச் சம்பந்தம் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாளின் பெயர் அங்காளம்மாள். இரண்டு லேபிளையும் இரண்டு கையில் பிடித்து மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

“எனுக்குப் படிக்கத் தெரியாதே சார். வூட்ல ரெண்டும் ஒரே மாடத்துலதான் கெடக்கும். எது எதுன்னு நான் எப்டி கண்டுக்கிறது?”

“கீழே எழுதியிருக்கிறதம்மா.”

“அத்தத்தான சொல்றேன், தெரியாதுன்னு.”

உடனே சம்பந்தத்துக்கு ஞானம் வந்துவிட்டது. “ஒரு மண்டையோடு போட்டுடு சார்” என்றார். அச்சடிக்கிற பிளாக் எடுத்தாகிவிட்டது, இனி எதையும் நுழைக்க முடியாது என்றேன். அது உண்மை. புதிதாக ஒரு பிளாக் எடுத்திருக்கலாம் என்பதும் உண்மை. அதை நான் சொல்லவில்லை.

மறுவாரம் அவர் பாரிமுனையில் ஒரு ரப்பர் முத்திரை செய்துகொண்டு மனைவியோடு வந்து நின்றார். மண்டையோடாம். பார்க்கச் சீவிய நுங்கு மாதிரி இருந்தது. லேபிளில் வெற்றிடமே கிடையாது. எங்கே குத்தினாலும் எழுத்துமேல் விழும், இல்லாவிட்டால் முகத்தின்மேல் விழும். முகத்தின்மேல் என்றதும் சம்பந்தம் தயங்கினார். “கொழந்த மூஞ்சிமேல போயி மண்டையோடா...” என்று இழுத்தார். அங்காளம்மாள்தான் அவரை அடக்கினாள்.

“காயிதத்துல கீற மூஞ்சிக்கு இன்னா ஆவப் போவுது? நெஜ மூஞ்சி நம்ம வூட்ல கீது. குத்தச் சொல்லு.”

பாருங்கள், ஒரு தாய் பேசுகிற பேச்சு. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சரிம்மா என்றேன், சிரித்துக்கொண்டுதான். என் மேஜைக்கு எதிரிலேயே சம்பந்தம் அவளுக்குப் பாடம் நடத்தினார்: “மண்டையோடு இருந்தா எலிக்கு. இல்லன்னா பல்லுக்கு. அவ்ளோதான்.” அவள் அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எலி மருந்து லேபிளிலெல்லாம் குத்தி அனுப்பச் சொல்லி முத்திரையை என்னிடம் விட்டுவிட்டு, அன்று மாலையே அவர் ஏஜெண்டுகளைப் பார்க்க நெல்லூர்ப் பக்கம் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில் பட்டணத்தில் அச்சுத் தொழில்காரர்கள் லேபிள்களுக்கென்று ஒரு போட்டி வைத்திருந்தார்கள். நாம் அனுப்புகிற மாதிரியை நம்ப மாட்டார்கள். கடையில் விற்கிற சரக்கையே வாங்கிப் பார்ப்பார்கள். என் ஜோடி லேபிளையும் போட்டிக்குப் பதிவு செய்திருந்தேன். நடுவர்கள் தாம்பரம் மார்க்கெட்டில் பாக்கெட்டைக் கையில் எடுக்கும்போது ஜெயக்கொடியின் முகத்தில் நுங்கு அப்பியிருந்தால் எப்படி இருக்கும்? முதல் கட்டு மட்டும் சுத்தமாகப் போகட்டும், மிச்சத்தில் பிறகு குத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். நியாயமான யோசனையாகத்தான் பட்டது.

எப்போதும் அவர்கள் ஆள்தான் வந்து லேபிள் வாங்கிப் போவான். அந்தத் தடவை நானே பஸ் ஏறிக் கொண்டுபோனேன். அங்காளம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஜெயக்கொடி, வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

“மண்டையோடு போட்டாச்சா சார்?”

“போட்டாச்சும்மா.”

அவள் கட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை. முறத்தை வைத்துவிட்டு உள்ளே போய் எனக்கு மோர் கொண்டு வந்தாள். மோரில் உப்பு அதிகம். அங்காளம்மாளின் தம்பி ஜெயவேலு கட்டை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனான். அவனுக்குப் படிக்கத் தெரியும், மண்டையோட்டு விஷயம் தெரியாது. எலி மருந்து என்று எழுதியிருந்த பாக்கெட்டில் எலி மருந்தையே போட்டு ஒட்டினான். அவன்மேல் தப்பே இல்லை.

அக்கா தண்ணீருக்குப் போயிருந்தபோது அவன் அதில் இரண்டு பாக்கெட்டை வீட்டு மாடத்தில் வைத்துவிட்டுப் போனான். மறுநாள் காலையில் அங்காளம்மாள் ஒன்றை எடுத்தாள். சொல்லிக்கொடுத்த பாடம் தவறாமல் திருப்பிப் பார்த்தாள். மண்டையோடு இல்லை. மகளின் கையில் கொட்டிக் கொடுத்தாள். ஜெயக்கொடி அதில் எவ்வளவு பல்லுக்குத் தேய்த்தாள், எவ்வளவு தின்றாள் என்று யாரும் பார்க்கவில்லை. தாம்பரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். சாயங்காலம் ஆபீஸ் கூட்டம் ரயிலிலிருந்து இறங்குவதற்குள் முடிந்துவிட்டது.

அன்றைக்கு நீங்கள் என் மாடிக்கு வந்தீர்கள். லேபிளையும் முத்திரையையும் சேர்த்தே அந்த அம்மாளிடம் கொடுத்தேன், வீட்டிலேயே குத்திக்கொள்கிறேன் என்றாள் என்று சொன்னேன். என் சட்டை இஸ்திரி போட்டிருந்தது, அவள் தலை விரிந்து கிடந்தது. நீங்கள் என்னை நம்பினீர்கள். “சார்தான் போட்டேன்னாரு, சார்தான் சொன்னாரு” என்று ஸ்டேஷன் வாசலில் அவள் கத்தியது ஒருவர் காதிலும் ஏறவில்லை. நெல்லூரிலிருந்து ஓடி வந்த சம்பந்தம்கூட என்னைத்தான் நம்பினார். பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமலே மகளை அடக்கம் செய்தார். இப்போது அவளை ரிமாண்டில் வைத்திருக்கிறீர்கள். அவளுடைய வக்கீல் ஒருநாள் வருவான், நாலு கேள்வி கேட்பான் என்று எதிர்பார்த்தேன். ஒருவனும் வரவில்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் இது இப்படியே போயிருக்கும்.

பேசாமல் இருக்கவும் என்னால் முடியும். ஆனால் நேற்று என் சாட்சியத்தில் கையெழுத்து வாங்கக் கூப்பிட்டு, உங்கள் ரைட்டர் வழக்கு விவரத்தைப் படித்துக் காட்டினார். ‘வித்தியாசம் தெரியாதபடி அவசரத்தில் வரைந்த மட்டமான லேபிளும், தாயின் கவனக்குறைவும் காரணம்’ என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். மட்டமான லேபிள். ராத்திரி முழுக்க அந்த வார்த்தை என் காதை விட்டுப் போகவில்லை. ஏழு வருஷமாக ஆட்டுக்குட்டிக்காரர்களும் கிளிக்காரர்களும் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். காக்கிச் சட்டை போட்டவர் கோர்ட்டுக்கு எழுதி அனுப்புவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். லேபிளில் ஒரு குறையும் இல்லை. அங்காளம்மாளுக்குக் கவனக்குறைவும் இல்லை. அவள் பார்க்க வேண்டியதைப் பார்த்தாள். அவள் எதைப் பார்ப்பாள் என்பது எனக்குத் தெரியும். குழந்தை தின்பாள் என்பதும் தெரியும். தெரிந்துதான் போட்டாச்சு என்று சொன்னேன். இதோ அந்த முத்திரை. ரப்பரைத் தடவிப் பாருங்கள், மை பட்டதே இல்லை. மிச்சத்தில் பிறகு குத்தலாம் என்று நினைத்ததாகச் சொன்னேன் அல்லவா, அதற்கு நான் மை அட்டைகூட வாங்கி வைக்கவில்லை. ஜெயக்கொடியைக் கொன்றது நான். அந்த அம்மாளை வெளியே விட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்த லேபிள் கோர்ட்டுக்குப் போகும்போது அதன்மேல் நம்பர் எழுதி உங்கள் ஸ்டேஷன் முத்திரையைக் குத்துவீர்கள். தயவுசெய்து பின்பக்கம் குத்தச் சொல்லுங்கள். முன்பக்கம் குழந்தையின் முகம் இருக்கிறது.