கோட்டு போட்ட சகலை

அதை நகத்தாதீங்க பூட்டுக்காரரே! அந்த ஸ்டூலை உருவினீங்கன்னா மேல இருக்கறதெல்லாம் தலையில விழும். எல்லாத்துக்கும் ஒரு காலு குட்டை. அதனாலதான் கடையில விக்கல, அதனாலதான் என் வீட்டுல இருக்கு. ஆமா, சமையக்கட்டுலயும் இருக்கு. குளிக்கற அறையிலயும்தான்! நீங்க சுத்தி வந்து கதவுகிட்ட உக்காருங்க... ஐயய்யோ, ஸ்டூல் மேல இல்ல, தரையில!

இயக்கத்துலேர்ந்துதானே அனுப்பினாங்க உங்களை? சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு, இப்பவாவது அனுப்பினாங்களே. நல்ல தாழ்ப்பாளா போடுங்க. நான் கதவைச் சாத்தக்கூடாதுன்னுதான் ஒப்பந்தத்துல இருக்கு, காத்துல தானா சாத்திக்கிட்டா நான் என்ன பண்றது?

யாரோட ஒப்பந்தமா? என் சகலையோடதான். எதிர்வீடு. வீட்டுக்காரியோட தங்கச்சி புருஷன், ஸ்டூல் வியாபாரம். விக்காத சரக்கையெல்லாம் தினம் காலையில கொண்டாந்து இங்க இறக்கறான். "ஏன்டா?"ன்னா "ஒப்பந்தம், அண்ணே"ங்கறான். கேட்டீங்களா அநியாயத்தை!

என்னை வெறும் பன் போடறவன்னு நினைச்சுடாதீங்க. நியாய வர்த்தக இயக்கத்துக்கு இந்த வட்டாரச் செயலாளர் நான். பணக்கார நாடு ஏழை நாட்டோட ஒப்பந்தம் போடுது பாருங்க... அட, சுத்தியலைக் கொஞ்சம் நிறுத்துங்க, இது முக்கியம்... "உன் கதவை நீ திற, என் கதவை நான் மூடிக்கறேன்". அவ்வளவுதான் விஷயம். அங்க மானியத்துல விளைஞ்சது இங்க வந்து குவியும், இங்க விளைவிச்சவன் தலையில துண்டைப் போட்டுக்கணும். இதை மாத்தணும்னு தொண்டை கிழியக் கத்தறேன், ஒருத்தன் காதுல ஏறல. சரி, நாடகமா போடுவோம்னாங்க. நான் பணக்கார நாடு, கல்யாணக் கோட்டு இருக்குல்ல. சகலை ஏழை நாடு.

ஒப்பந்தத்தை நானே எழுதினேன். சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமா எழுதினேன்! பணக்கார நாட்டுச் சரக்கு எப்ப வேணா உள்ள வரலாம். ஏழை நாட்டுச் சரக்குன்னா, தரம் பாத்துதான் விடணும்...

தரம்! அதை ஏன் கேக்கறீங்க. பன்னை எடுத்துக்கிட்டுப் போனா மச்சினிச்சி வாசல்ல அளவுகோலோட நிக்கறா. "வட்டமா இல்லையே மாமா"ங்கறா. பன்னை என்ன வண்டியில மாட்டி ஓட்டப்போறாளா?

கிழிச்சுப் போடச் சொல்றீங்க. எப்படிங்க? தெருவே கைதட்ட நாடக மேடையில கையெழுத்து போட்டிருக்கேன். "போட்ட கையெழுத்தை மதி"ன்னு பெரிய நாடுகளைப் பாத்து மைக்குல கத்தறவன் நானு. திருத்தலாம், ஆனா பேச்சுவார்த்தை பணக்கார நாட்டுலதான் நடக்கணும். அங்க நுழைய அனுமதி வேணும். கேட்டிருக்கேன், மச்சினிச்சி பரிசீலனை பண்ணிட்டிருக்கா.

இதுல கொடுமை, இப்பதான் ஜனங்களுக்கு எல்லாம் புரியுது! கும்பல் கும்பலா வந்து ஸ்டூலைப் பாத்துட்டு "ஐயோ பாவம் ஏழை நாடு"ங்கறாங்க. இயக்கத்துல ஆள் சேருது. தலைவர் வந்து தோளைத் தட்டி, "இன்னும் கொஞ்ச நாள் கஷ்டப்படுங்க"ன்னுட்டுப் போறாரு.

என்னங்க? பணக்கார நாடு எப்படி ஏழையாச்சுன்னா?... அது ஒண்ணுமில்ல. முந்தின தெருவுல நாடகம் போட்டப்ப, ஜனங்க கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க. பணக்கார நாட்டு மேல தக்காளி வந்துது. அப்புறம் செருப்பு வந்துது. நம்ம தெருவுல இன்னும் உணர்ச்சி ஜாஸ்தி. அதான் கையெழுத்துக்கு முன்னாடி, திரைக்குப் பின்னால, கோட்டைக் கழட்டி அவனுக்கு மாட்டிவிட்டேன். "உனக்குத்தான்டா எடுப்பா இருக்கு"ன்னேன். அன்னைக்குன்னு பாத்து ஒருத்தனும் செருப்பு வீசல! கோட்டைக் கழட்டவே மாட்டேங்கறான் படுபாவி.

போகட்டும், கோட்டு போனா போகுது. கட்டில் மேலயும் ஸ்டூல் ஏறினப்ப வீட்டுக்காரி கோச்சுக்கிட்டு தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. அவளுக்கு அங்க உடனே குடியுரிமை! நான்தான் போய்க் கூப்பிட முடியாது. சரக்கு எல்லை தாண்டலாம், ஏழை நாட்டு ஆளுங்க தாண்டக்கூடாது. அதை எழுதினப்ப எனக்கே அழுகை வந்துது, அவ்வளவு உருக்கமா அமைஞ்சுது... காலையில ஒரு பன் இல்லன்னா அவளுக்குப் பொழுது விடியாதுங்க. அங்க என்னத்தைக் குடுக்கறாங்களோ. அவ இல்லாம இது வீடா? கிடங்கு.

முடிஞ்சுதா? அதுக்குள்ளயா? எங்க காட்டுங்க... என்னங்க இது, தாழ்ப்பாளை வெளிப்பக்கமா அடிச்சிருக்கீங்க? யாரு சொன்னது? சகலையா? அவனா உங்களை அனுப்பினான்? ஆளுங்க தாண்டக்கூடாதுங்கறதுக்கா?... ஐயோ, பூட்டுக்காரரே, இருங்க! சாத்தாதீங்க! நான் சாத்தக்கூடாதுன்னுதான் எழுதினேன்... ஆமா, அவன் சாத்தலாம்னும் எழுதினேன், அதுக்காக...

பூட்டுக்காரரே! போயிட்டீங்களா? எதிர்வீட்டுக்குத்தானே போறீங்க? ஜன்னல்கிட்ட அவ நிப்பா. பன் போட்டு வெச்சிருக்கேன்னு சொல்லுங்க. இன்னைக்கு வட்டமா வந்திருக்கு. தட்டைக் கவுத்து வெச்சு அளந்தே பாத்துட்டேன்னு சொல்லுங்க!