மான் தெரியவில்லை என்று

"மான் தெரியேல்லை எண்டு ஆராவது காட்டை வெட்டுவினமே?"

லவாலில் இருந்து வரும் மெட்ரோவில், என் எதிர் இருக்கைப் பெண் பக்கத்திலிருந்த கணவரிடம் கேட்டார். கணவரின் மடியில் அட்டைப்பெட்டி. அதற்குள், மகள் பள்ளிக் கண்காட்சிக்காகச் செய்த மழைக்காடு.

"படத்தைக் குடும்பக் குரூப்பில போட்டனான். லண்டன் மச்சாள் 'மான் எங்க?' எண்டு கேட்டவ. அதுதான் முன்னால நிண்ட மரங்களைக் கழட்டிப்போட்டுத் திரும்ப எடுத்து அனுப்பினன். வடிவா இருக்கு எண்டு பூப் போட்டிருக்கிறா."

"அது ஒளிச்சிருக்கிற மானப்பா! முதுகில வரியோட, சின்னன். லைபீரியா, ஐவரி கோஸ்ட் பக்கம் அடர்ந்த காட்டுக்குள்ளதான் சீவிக்கும். காடு போனா மானும் போச்சு எண்டு பிள்ளை எழுதி ஒட்டியிருக்கிறாள். அதையாவது வாசிச்சனீங்களே?"

"அது பிரெஞ்சில எல்லோ கிடக்கு."

"கழட்டின மரமெல்லாம் எங்க?"

"குப்பையில போட்டிட்டன். சத்தம் போடாதையும், பேந்து புதுசா ஒட்டலாம்."

"காடு வெட்டுறவை எல்லாரும் இதைத்தான் சொல்லுறவை. இண்டைக்குப் பின்னேரம் கண்காட்சி. எப்ப ஒட்டப் போறியள்?"

ரயில் சட்டென்று நின்றது. அட்டைப்பெட்டிக்குள் ஏதோ உருண்டது. கணவர் மூடியைத் திறந்தார். களிமண் மான் கால் உடைந்து கிடந்தது.

"என்ன பிள்ளை இவள், மானை ஒட்டாமலே வைச்சிருக்கிறாள்!"

"மரத்தில சாத்தி வைச்சவள். நீங்கள் கழட்டின மரத்தில."